செவிக்கும் கேள்வி உண்டு

 

 

விழுப்புரத்தில் ஜும்ஆ மேடையில் நான் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம் இது. நேரமின்மையால் மேடையில் சொல்லாமல் விட்ட சில செய்திகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பின் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். திண்டிவனத்தில் ஒரு கடையில் வேலை பார்ப்பவர். தினமும் இரவு இருசக்கர வாகனத்தில் விழுப்புரம் திரும்புபவர். சில நாள்களுக்கு முன் வழியில் வாகனச் சோதனை நடந்திருக்கிறது. ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்த பிறகு கைப்பேசியையும் திறந்து காட்டச் சொன்னார்களாம். திறந்து கொடுத்திருக்கிறார். வாங்கியவர் வாட்ஸ்அப்பில் மேலிருந்து கீழாகத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். ஒன்றும் கிடைக்கவில்லை. போகச் சொல்லிவிட்டார்கள்.

"ஹஜ்ரத், என் மனைவி எனக்கு எழுதியதையெல்லாம் அவர் என் கண் முன்னாலேயே படித்தார். நான் கொடுத்திருக்கக் கூடாதா? எனக்குப் பாவம் உண்டா?" என்று கேட்டார் அந்தப் பிள்ளை. அவர் குரலில் கோபத்தைவிட வெட்கமே அதிகம் இருந்தது.

நான் வாய் திறப்பதற்குள், பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "தப்புச் செய்யாதவனுக்கு என்னப்பா பயம்? பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள். அத்தோடு போயிற்று" என்றார். அவர் நல்ல மனிதர். என் மரியாதைக்குரியவர். நம் வீடுகளிலும் கடைத்தெருவிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்லும் பதிலைத்தான் அவரும் சொன்னார். இளைஞரின் கேள்விக்கு அன்றே சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டேன். நிர்ப்பந்திக்கப்பட்டவர் மீது குற்றமில்லை. பெரியவரின் கேள்விக்குத்தான் இவ்வளவு நீண்ட பதில் தேவைப்படுகிறது.

முதலில் ஒரு பழைய நினைவு. நான் சிறுவனாகத் திண்டிவனத்தில் வளர்ந்த காலத்தில் எங்கள் தெருவிலிருந்து பலர் சவூதியிலும் துபையிலும் இருந்தார்கள். வீட்டில் போன் இல்லாத காலம். எஸ்.டி.டி. பூத்தில் பேசினால் மீட்டர் ஓடும் வேகத்தில் பாதிப் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். ஆகவே கடிதம்தான். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், கணவர் எழுதிய கடிதத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு என் பெரியத்தாவிடம் வருவார்கள். அவர் முதலில் எங்களைப் போன்ற பிள்ளைகளை வெளியே விரட்டுவார். பிறகு பெரியம்மாவைத் துணைக்கு அருகில் இருத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் படித்துக் காட்டுவார். சொல்லச் சொல்லப் பதிலும் எழுதிக் கொடுப்பார். ஒருமுறை, ஒரு பெண் அழுதுகொண்டே போவதைப் பார்த்து, "அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது பெரியத்தா?" என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "எந்தக் கடிதம்?" என்றார். அவ்வளவுதான். அவர் மவுத்தாகும் வரை அந்தத் தெருவின் பாதி இரகசியங்கள் அவரிடம் இருந்தன. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

பிற்காலத்தில் வேலூரில் ஓதும்போது, ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸைப் படித்தேன். ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லும்போது அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னால், அது கேட்டவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் ஆகிவிடும் என்பது அதன் கருத்து. அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. 'இதை யாரிடமும் சொல்லாதே' என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. திரும்பிப் பார்த்த பார்வையே போதும். உஸ்தாது அந்தப் பாடத்தை விளக்கும்போது என் கண்ணில் பெரியத்தாதான் தெரிந்தார்.

வாசகர்களே! பிறருடைய அந்தரங்கத்தைத் துருவுவதை அல்லாஹ் வெளிப்படையாகத் தடுத்திருப்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில். அந்த வசனத்தின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஆதாரமற்ற சந்தேகத்தைத் தடுக்கிறான். அடுத்து வேவு பார்ப்பதைத் தடுக்கிறான். அதற்கடுத்துப் புறம் பேசுவதைத் தடுக்கிறான். சந்தேகம் வேவில் கொண்டு விடுகிறது. வேவு பார்த்துச் சேகரித்தது நாவுக்கு வருகிறது. அந்நூர் அத்தியாயத்தின் 27, 28ஆம் வசனங்களோ, அனுமதி பெறாமல் பிறர் வீட்டில் நுழையக் கூடாது, திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்கின்றன. வீட்டுக்காரர் நல்லவரா கெட்டவரா என்ற வேறுபாடு அங்கே செய்யப்படவில்லை. பிறர் விரும்பாத நிலையில் அவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்பவரின் காதில் மறுமையில் ஈயம் காய்ச்சி ஊற்றப்படும் என்ற எச்சரிக்கை புகாரியில் வருகிறது.

இவையெல்லாம் தனிமனிதருக்கு, அரசாங்கத்திற்கு அல்ல என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியானால் முஆவியா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் செவியுற்ற செய்தியைப் பாருங்கள். மக்களின் மறைவான குறைகளைத் தேடித் திரிந்தால் நீர் அவர்களைக் கெடுத்துவிடுவீர் என்பது அதன் கருத்து. இதைக் கேட்டவரோ பிற்காலத்தில் ஆட்சியாளர் ஆனவர். இந்தச் செய்தியைக் கொண்டு அல்லாஹ் அவருக்குப் பயனளித்தான் என்று அபூதர்தா (ரலி) கூறியதும் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. வேவு பார்ப்பதால் மக்கள் திருந்துவார்கள் என்றுதான் ஆட்சியாளர்கள் எண்ணுகிறார்கள். நபி (ஸல்) அவர்களோ, கெட்டுப்போவார்கள் என்றார்கள். இந்த இடத்தைச் சற்று நினைவில் வையுங்கள். பின்னால் இதற்குத் திரும்ப வருகிறேன்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவின் தெருக்களில் நகர்வலம் வந்ததை நாம் பெருமையுடன் மேடைகளில் சொல்கிறோம். பசித்த பிள்ளைகளுக்கு மாவு மூட்டையை முதுகில் சுமந்து சென்ற வரலாறு நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதே நகர்வலத்தின் இன்னொரு இரவை நாம் அதிகம் சொல்வதில்லை. ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது. பூட்டிய கதவுக்குப் பின்னால் கூச்சல். உள்ளே மது அருந்துகிறார்கள் என்று உமர் (ரலி) அவர்களுக்குப் புரிகிறது. என்ன கருதுகிறீர் என்று உடன் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களிடம் கேட்கிறார்கள். அவர் சொன்னதன் சாரம்: அல்லாஹ் வேவு பார்ப்பதைத் தடுத்தான், நாமோ அதைத்தான் இப்போது செய்துகொண்டு நிற்கிறோம். உமர் (ரலி) திரும்பி நடந்துவிட்டார்கள். இதை ஹாகிம் பதிவு செய்திருக்கிறார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சி இன்னும் பிரபலமானது. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் கலையினரிடம் பேச்சு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் உமர் (ரலி) சுவரேறிக் குதித்து ஒருவரின் குற்றத்தை நேரில் கண்டுவிடுகிறார்கள். அந்த மனிதரோ, நான் செய்தது ஒரு தவறு, தாங்கள் செய்தது மூன்று என்கிறார். துருவினீர்கள், வாசல் வழியே வரவில்லை, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தீர்கள். கலீஃபா அவரை விட்டுவிட்டு வெளியேறினார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, அந்த மனிதர் தப்புச் செய்யாதவர் அல்லர். தப்புச் செய்தவர்தான். அப்போதும் சுவர் சுவராகவே இருந்தது.

இப்போது நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் ஒரு கடிதம் இடைமறிக்கப்பட்டது. அதை மறைத்துவிட்டுப் பேசினால் நான் பாதி மார்க்கத்தைச் சொன்னவன் ஆவேன்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, மக்கா வெற்றிக்குப் படை புறப்படும் நேரம். ஹாத்திப் இப்னு அபீ பல்த்தஆ (ரலி) என்ற தோழர், படை வருவதை மக்காவின் எதிரிகளுக்குத் தெரிவித்துக் கடிதம் எழுதி ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினார். நபி (ஸல்) அவர்கள் அலி, ஸுபைர், மிக்தாத் (ரலி) ஆகியோரை அழைத்து, 'ரவ்ளத்து காக்' என்ற இடத்தைக் குறிப்பிட்டு, அங்கே ஒட்டகச் சிவிகையில் ஒரு பெண் இருப்பாள், அவளிடம் ஒரு கடிதம் இருக்கும், வாங்கி வாருங்கள் என்று அனுப்பினார்கள். அவள் முதலில் மறுத்தாள். சோதனையிட நேரும் என்றதும் கூந்தல் பின்னலிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

ஆகவே அரசு ஒருபோதும், எந்த நிலையிலும் ஒரு செய்தியை இடைமறிக்கக் கூடாது என்று மார்க்கம் சொல்வதாக நான் கூற மாட்டேன். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வெடித்து 58 பேர் உயிரிழந்தபோது நான் மத்ரஸா மாணவன். அப்படி ஓர் அக்கிரமத்தைத் தடுக்க முடியுமானால் தடுப்பது கடமை. ஆனால் அந்தக் கடிதம் எப்படி இடைமறிக்கப்பட்டது என்று பாருங்கள். போர்க்காலம், ஆயிரக்கணக்கான உயிர்கள் சம்பந்தப்பட்ட நேரம். குறிப்பிட்ட ஓர் இடம், குறிப்பிட்ட ஒரு பெண், குறிப்பிட்ட ஒரு கடிதம். மதீனாவிலிருந்து புறப்படும் ஒட்டகங்களையெல்லாம் நிறுத்தி எல்லாப் பெண்களின் பின்னலையும் அவிழ்த்துப் பார்க்க நபி (ஸல்) அவர்கள் உத்தரவிடவில்லை. அவர்களுக்கு வஹீ வந்தது. நம் காலத்து அதிகாரிகளுக்கு வஹீ வருவதில்லை. அப்படியானால் ஆதாரத்தின் தேவை இன்னும் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. அதன் பிறகு நடந்தது இன்னும் முக்கியம். ஹாத்திப் அழைக்கப்பட்டார். ஏன் இப்படிச் செய்தீர் என்று அவரிடமே கேட்கப்பட்டது. மக்காவில் தம் குடும்பத்திற்குப் பாதுகாப்பு இல்லை என்பதைச் சொன்னார். உமர் (ரலி) அவரது தலையைக் கொய்ய அனுமதி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்களோ அவர் பத்ரில் கலந்துகொண்டவர் என்று கூறி மன்னித்தார்கள். எடுத்த கடிதத்தை எழுதியவர் முன் வைத்து, அவர் வாய்மொழியைக் கேட்ட பிறகே தீர்ப்பு.

வாசகர்களே, நம் நாட்டுச் சட்டமும் ஏட்டளவில் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது என்றால் வியப்படைவீர்கள்.

இந்தியத் தந்திச் சட்டம் ஆங்கிலேயர் 1885இல் இயற்றியது. காங்கிரஸ் மகாசபை தோன்றிய அதே ஆண்டு. அதன் 5(2) பிரிவுதான் நூற்றாண்டுக்கும் மேலாகத் தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு அடிப்படையாக இருந்தது. பொது நெருக்கடி நிலவ வேண்டும், அல்லது பொதுமக்கள் பாதுகாப்புக்கு அவசியமாக இருக்க வேண்டும். அப்போதுதான், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காக ஒட்டுக்கேட்கலாம் என்றது அப்பிரிவு. நடைமுறையில் என்ன நடந்தது? 1988இல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே ஒட்டுக்கேட்புப் புகாரில் பதவி விலகினார். 1991இல் அரசியல் தலைவர்களின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்ட செய்தி வெளியானது. பி.யு.சி.எல். என்னும் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 டிசம்பர் 18 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது ஆகியோர், தொலைபேசியில் பேசுவது மனிதனின் அந்தரங்க வாழ்வின் பகுதி என்ற கருத்தில் தீர்ப்பளித்து நிபந்தனைகள் விதித்தார்கள். உள்துறைச் செயலாளரே உத்தரவிட வேண்டும், அந்த உத்தரவுக்குக் கால வரம்பு வேண்டும், ஆய்வுக் குழு ஒன்று அதைப் பரிசீலிக்க வேண்டும் என்பவை அவற்றுள் முக்கியமானவை.

நம் தமிழகத்திற்கும் இதில் பங்குண்டு. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கில், தனித்து விடப்படுவதற்கு ஒருவருக்குள்ள உரிமையை 1994இலேயே உச்ச நீதிமன்றம் பேசியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று தீர்த்துவிட்டார்கள். 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், சென்னையைச் சேர்ந்த ஒரு நிறுவன இயக்குநரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 2011இல் மத்திய உள்துறை பிறப்பித்த உத்தரவை ரத்து செய்தார். அது இலஞ்சக் குற்றச்சாட்டு தொடர்பான வழக்கு. குற்றம் சிறியது என்று அவர் சொல்லவில்லை. பொது நெருக்கடியோ பொதுமக்கள் பாதுகாப்போ அங்கே இல்லை, இரகசியமாகக் குற்றம் துப்புத் துலக்க இந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியாது, சட்டம் சொன்ன ஆய்வும் நடக்கவில்லை என்றார். அதற்குச் சில நாள்கள் முன்புதான் டில்லி உயர் நீதிமன்றம் வேறொரு ஊழல் வழக்கில் மாறுபட்ட கருத்தைச் சொல்லியிருந்தது. ஆக நீதிபதிகளுக்கிடையிலும் விவாதம் இருக்கிறது. ஆனால் சென்னைத் தீர்ப்பைப் படித்தபோது, குற்றத்தைக் கண்ணால் கண்ட பிறகும் சுவரை விட்டு இறங்கிச் சென்ற கலீஃபாவின் நினைவு எனக்கு வந்ததை மறைப்பதற்கில்லை.

சட்டம் இருக்கிறது, தீர்ப்புகள் இருக்கின்றன. பிறகு என்ன குறை? சாவி யார் கையில் என்பதுதான். உத்தரவிடுபவர் உள்துறைச் செயலாளர். அதைப் பரிசீலிக்கும் குழுவில் இருப்பவர்கள் மத்தியில் அமைச்சரவைச் செயலாளரும் மற்றச் செயலாளர்களும். மாநிலத்தில் தலைமைச் செயலாளரும் மற்றச் செயலாளர்களும். கேட்பவரும் அரசு, அனுமதிப்பவரும் அரசு, சரிபார்ப்பவரும் அரசு. நீதிபதி எங்குமில்லை. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குக் கடைசி வரை தகவலும் இல்லை. பிரிட்டனில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைச்சர் கையெழுத்திட்டாலும் நீதித்துறை ஆணையர் ஒருவரின் ஒப்புதல் வேண்டும். அமெரிக்காவில் குற்ற வழக்குகளில் ஒட்டுக்கேட்க நீதிபதியின் ஆணை வேண்டும் என்பது 1968 முதல் சட்டம். இங்கே 2023இல் பழைய தந்திச் சட்டத்திற்குப் பதிலாகப் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. 2024 டிசம்பரில் அதற்கான விதிகளும் வந்தன. ஓர் உத்தரவு 60 நாள், நீட்டித்தால் மொத்தம் 180 நாள் என்ற வரம்பு தொடர்கிறது. நீதிபதிக்கு மட்டும் இம்முறையும் இடம் கிடைக்கவில்லை.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். மத்திய அரசு சராசரியாக மாதம் ஒன்றுக்கு 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் பிறப்பிக்கிறது என்று உள்துறை அமைச்சகமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அளித்த பதில் 2014இல் வெளியானது. ஒன்பதாயிரத்தை முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்கு முந்நூறு. ஒரு செயலாளர் உண்ணாமல் உறங்காமல் அமர்ந்தாலும், ஓர் உத்தரவைப் படித்து, ஹாத்திபின் கடிதத்தைப் போல இதற்கு உண்மையில் அவசியம் இருக்கிறதா என்று சிந்திக்க எத்தனை நிமிடம் கிடைக்கும்? ஐந்து நிமிடம்கூட இல்லை.

அதுவாவது உத்தரவு என்ற காகிதம் உள்ள முறை. 2021 ஜூலையில் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் பற்றிய செய்தி உலகெங்கும் வெளியானது. இஸ்ரேலைச் சேர்ந்த நிறுவனத்தின் தயாரிப்பு. அரசுகளுக்கு மட்டுமே விற்பதாக அந்நிறுவனமே கூறியது. பேச்சை மட்டுமல்ல, கைப்பேசியில் உள்ள படம், செய்தி, ஒலிவாங்கி அனைத்தையும் கைப்பற்றக்கூடியது. உளவுக்கு இலக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம் என்று வெளியான எண்களின் பட்டியலில் தமிழகத்தின் மே பதினேழு இயக்கத்தைச் சேர்ந்த திருமுருகன் காந்தியின் எண்ணும் இருந்தது. உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் குழு அமைத்தது. 29 கைப்பேசிகள் ஆராயப்பட்டன. ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதி செய்ய இயலவில்லை, அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அந்த மென்பொருளை வாங்கினீர்களா இல்லையா என்ற எளிய கேள்விக்கு அரசு நேரான பதில் சொல்லவில்லை.

பெரியவரின் கேள்வியை நான் மறக்கவில்லை. தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம்?

டில்லியில் ஜாகிர் உசேன் கல்லூரியில் அரபி கற்பித்த எஸ்.ஏ.ஆர். கிலானி என்ற விரிவுரையாளரை உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. மறுநாள் காஷ்மீரிலிருந்து அவருடைய தம்பி அழைத்தார். இரண்டேகால் நிமிடம் அளவில் ஒரு பேச்சு, காஷ்மீரி மொழியில். அதைப் பதிவு செய்தார்கள். டில்லியில் பழ வியாபாரம் செய்துவந்த, அதிகம் படிக்காத ஒருவரைக் கொண்டு அதை மொழிபெயர்த்தார்கள். தாக்குதலைப் பற்றித் தம்பி கேட்க, அண்ணன் மகிழ்ந்து பேசியதாக வழக்கு. காஷ்மீரியைத் தாய்மொழியாகக் கொண்ட சாட்சிகளோ நீதிமன்றத்தில், அப்படிப் பொருளில்லை, என்ன நடந்தது என்று சாதாரணமாகக் கேட்பதுதான் அது என்றார்கள். அதே உரையாடலில் தம்பி தனக்குப் பாடத்திட்டமும் கல்லூரி விவரக் கையேடும் அனுப்பச் சொல்லியிருந்தார். 2002 டிசம்பரில் பொடா நீதிமன்றம் கிலானிக்கு மரண தண்டனை விதித்தது. 2003 அக்டோபரில் டில்லி உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. சந்தேகம் மட்டும் தண்டனைக்கு ஆதாரமாகாது என்ற அடிப்படையில் 2005 ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதி செய்தது.

நம் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் எத்தனை வீடுகளில் உருது பேசுகிறோம்! அந்த உருதுவும் தமிழ் கலந்த உருது, லக்னோக்காரருக்கே புரியாது. துபையிலிருக்கும் மகனிடம் ஒரு தாய் கோபத்தில் பேசுவதை யாரோ ஒருவர் எங்கோ அமர்ந்து மொழிபெயர்த்தால் அது என்னவாக மாறும் என்று நினைத்துப் பாருங்கள். கேட்பவருக்குச் சொற்கள் கிடைக்கும். சூழல் கிடைக்காது. மேலும் அவர் சந்தேகத்தோடுதான் கேட்க அமர்கிறார். வசனத்தின் வரிசை நினைவிருக்கிறதா? சந்தேகம் முதலில், வேவு பிறகு.

இது நம் சமுதாயத்தின் குறை மட்டும் என்று யாரும் எண்ண வேண்டாம். ஹெக்டே காலத்துப் புகாரிலும் பெகாசஸ் பட்டியலிலும் இருந்தவர்கள் எல்லா மதத்தினரும். நியூயார்க் நகரக் காவல்துறை பள்ளிவாசல்களையும் முஸ்லிம்களின் கடைகளையும் வேவு பார்க்கத் தனிப் பிரிவே வைத்திருந்தது. அதன் வேலையிலிருந்து ஒரு பயங்கரவாத விசாரணைகூடத் தொடங்கவில்லை என்று அதன் உயரதிகாரியே 2012இல் வாக்குமூலம் அளித்தார். 2014இல் அப்பிரிவு மூடப்பட்டது. அத்தனை ஆண்டுகளும் அங்கே தொழ வந்தவர்கள், பக்கத்தில் அமர்ந்திருப்பவரை நம்பலாமா என்று யோசித்திருப்பார்கள். அதற்கு யார் ஈடு தருவது?

இனி நான் என்னைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்த உரையை முடித்தால் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

விழுப்புரத்திற்கு வருவதற்கு முன் திண்டிவனத்துப் பக்கம் ஒரு மஹல்லாவில் பணியாற்றினேன். ஒரு கணவன் மனைவி பிணக்கு பஞ்சாயத்துக்கு வந்தது. முத்தவல்லியும், ஜமாஅத்தார் இருவரும், நானும் அமர்ந்திருந்தோம். அந்தப் பெண்ணும் அவருடைய தாயாரும் பக்கத்து அறையில் இருந்தார்கள். கணவர் தம் கைப்பேசியை எடுத்து மேசை மேல் வைத்தார். மனைவிக்குத் தெரியாமல் அவரது கைப்பேசியில் பேச்சைப் பதிவு செய்யும் செயலியைப் போட்டு வைத்திருக்கிறார். "இவள் தன் தாயிடம் எங்களைப் பற்றி என்ன பேசுகிறாள் என்று நீங்களே கேளுங்கள்" என்று ஓடவிட்டார்.

நான் தடுக்கவில்லை. ஈயம் பற்றிய ஹதீஸை எத்தனையோ பேருக்கு ஓதிக் கொடுத்தவன் நான். இருந்தும் கேட்டேன். ஒரு மகள் தாயிடம் அழுகிறாள். மாமியார் சொன்ன ஒரு சொல், அடகு வைத்த ஒரு நகை, உடம்புக்கு முடியவில்லை என்ற புலம்பல். அவ்வளவுதான். அதில் பாவமும் இல்லை, துரோகமும் இல்லை. இரண்டு மூன்று நிமிடம் ஓடியிருக்கும். படிப்பு அதிகமில்லாத முத்தவல்லிதான், "போதும், நிறுத்துப்பா" என்றார்.

பேசிச் சமாதானம் செய்து வைத்தோம். இன்றும் ஒன்றாகத்தான் வாழ்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். சில மாதங்கள் கழித்து அந்தப் பெண்ணின் தாயார், பேரப்பிள்ளையை மக்தபில் சேர்க்க வந்தார். மகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தேன். "தெரியவில்லை ஹஜ்ரத். போன் செய்தால் சுகமாக இருக்கிறேன் என்கிறாள். நீங்கள் சுகமா என்று கேட்கிறாள். வைத்துவிடுகிறாள். முன்னெல்லாம் அரை மணி நேரம் பேசுவாள்" என்றார்.

பெரியவரே, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். அந்தப் பெண் தப்புச் செய்யாதவள். ஒட்டுக்கேட்டதில் அவளிடம் ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. தண்டனையும் இல்லை. ஆனால் தன் தாயிடம் பேசுவதை அவள் நிறுத்திக்கொண்டாள். மக்களின் மறைவைத் துருவினால் அவர்கள் கெடுவார்கள் என்ற நபிமொழியை அதுவரை நான் வேறு விதமாகப் புரிந்து வைத்திருந்தேன். மகளிடம் உண்மை பேசும் பழக்கம் போய்விடும், தாயிடம்கூட நடிக்கத் தொடங்குவாள் என்ற பொருளும் அதற்குள் இருப்பதை அந்தத் தாயார்தான் எனக்குப் பாடம் நடத்தினார். ஒரு வீட்டுக்குள் ஒரு கணவன் செய்ததற்கே இந்த விளைவு. ஒரு நாட்டு மக்கள் அனைவரும், யாரோ கேட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்று எண்ணத் தொடங்கினால், பத்திரிகையாளரிடம் எந்த ஊழியர் அநீதியைச் சொல்வார்? வழக்கறிஞரிடம் யார் முழுதாகப் பேசுவார்? என்னைப் போன்ற இமாமிடம் எந்த இளைஞர் தன் பாவத்தைச் சொல்லிப் பரிகாரம் கேட்பார்?

அந்தச் சகோதரியிடம் பிறகு, அவருடைய தாயார் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்ததாகச் சொன்னார்.

சோதனையில் சிக்கிய இளைஞருக்கு நடைமுறையாக நான் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநர் உரிமத்தையும் வாகன ஆவணங்களையும் கேட்க அதிகாரம் தருகிறது. மனைவி எழுதிய செய்தியைப் படிக்க அது அதிகாரம் தரவில்லை. எந்தச் சட்டப் பிரிவின்படி கேட்கிறீர்கள் என்று பணிவோடு கேட்பது குற்றமன்று. வாக்குவாதமும் உரத்த குரலும் வேண்டாம். தேதி, நேரம், இடம் ஆகியவற்றை வீடு வந்ததும் எழுதி வையுங்கள். விழுப்புரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தகுதியுள்ளோர் அங்கே இலவசமாகச் சட்ட உதவி பெறலாம். போய்க் கேட்க யாரும் தயங்க வேண்டியதில்லை.

இந்த உரைக்குப் பிறகு எங்கள் ஜமாஅத் நிர்வாகம் கூடி ஒரு முடிவு எடுத்தது. இனி நம் பஞ்சாயத்தில் ஒருவருக்குத் தெரியாமல் பதிவு செய்த பேச்சைக் கேட்பதில்லை; ஒருவரை மிரட்டி வந்த அழைப்பை, மிரட்டப்பட்டவரே கொண்டு வந்தால் அது மட்டும் விதிவிலக்கு. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டோம். என் கேள்விக்கு எதிர்க்கேள்வி கேட்ட அந்தப் பெரியவரும் நிர்வாகத்தில் ஒருவர். "குண்டு வைப்பவனை என்ன செய்வது என்பதற்கு நீங்கள் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை ஹஜ்ரத்" என்று சொல்லிக்கொண்டேதான் அவரும் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சொத்துத் தகராறு வந்தது. வந்தவர் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, "இதில் எல்லாம் இருக்கிறது" என்றார். அதை வாங்கி ஓட விடாமல் வெளியே செருப்பு அலமாரிக்கு மேலுள்ள தட்டில் வைத்துவிட்டு வந்தவர் அந்தப் பெரியவர்தான்.